கல்லறையில் அப்பாவின் வேட்டி

போன மாதம் என் நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு எங்கள் ஊர் மாதா கோவிலுக்கு வந்தீர்கள். கம்பெனி பஸ்ஸில் என்னோடு ஏறி இறங்குகிற எல்லோருமே வந்தீர்கள், சந்தோஷம். பிரியாணியைப் பற்றி நீங்கள் பேசிக்கொண்டதைக் காதில் விழாத மாதிரி விட்டுவிட்டேன். ஆனால் பீடத்துக்கு இடப்பக்கம் மாட்டியிருக்கிற படத்தைப் பார்த்து ஒருத்தி “ஃபாரின்லேர்ந்து வந்த பிரிண்ட்” என்று சொல்ல, இன்னொருத்தி “கேமராவுல எடுத்துப் பெருசு பண்ணது” என்று சொன்னாளே, அதை மட்டும் என்னால் விட முடியாது.

அது கையால் வரைந்த ஆயில் பெயிண்டிங். வரைந்தது என் அத்தை, அப்பாவின் கூடப் பிறந்த தங்கை. அதில் கல்மேல் கிடக்கிற நீளத் துணி என் அப்பாவின் வேட்டி. பக்கத்தில் மடித்து வைத்திருப்பது அவர் டூட்டிக்குக் கொண்டுபோன துண்டு. அந்தக் கல் எங்கள் வீட்டுத் துவைக்கிற கல். ஃபாரினாம், ஃபாரின்!

நாம் எல்லோருமே துணியைத் தொட்டுப் பிழைக்கிறவர்கள்தான். ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கிற லைனில் எத்தனை வருடமாக நான் செக்கிங்கில் உட்கார்ந்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு சுருக்கம் தெரிந்தால் ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுகிற கை இது. சூப்பர்வைசர் பையன்களே சந்தேகம் வந்தால் “அக்கா, கொஞ்சம் தொட்டுப் பாருங்க” என்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அந்தப் படத்தில் இருக்கிற சுருக்கங்களில் ஒன்றைக்கூட நான் ரிஜெக்ட் பண்ண மாட்டேன். உங்களுக்கும் நாற்பது தாண்டிவிட்டது, கைப்பையில் கண்ணாடி வைத்திருக்கிறீர்கள். அன்றைக்கு அதை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்திருக்கலாம்.

பார்க்கவில்லை. அதனால் சொல்கிறேன், கேளுங்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. பிள்ளைப்பாக்கத்தை ஒட்டின எங்கள் ஊரில் ஒரு கம்பெனிக்காக மண் அடித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும் வரை டிப்பர் லாரிதான். செம்மண் புழுதி இட்லிக்குள் வரைக்கும் வந்துவிடும், கடித்தால் நறநறக்கும். அப்பா பயிர் வைப்பதை விட்டுவிட்டு அந்தக் கம்பெனி காம்பவுண்டிலேயே செக்யூரிட்டியாகச் சேர்ந்திருந்தார். நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வருவார், யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு வேட்டிக்கு மாறுவார், படுத்தால் மத்தியானம்தான் எழுந்திருப்பார்.

அந்த வருடம் பொங்கல் முடிந்த வாரத்தில் அத்தை மடத்தை விட்டு வந்துவிட்டாள். உங்களில் பாதிப் பேருக்கு எங்கள் பழக்கவழக்கம் தெரியாது. கன்னியர் மடத்துக்குப் போய் சிஸ்டரான பெண் திரும்பி வருவது என்றால், புருஷனை விட்டுவிட்டு வருவதைவிடப் பெரிய பேச்சாகிவிடும் எங்கள் ஊரில். எட்டு வருடம் அங்கே இருந்தவள் ஒரு தகரப் பெட்டியும் ஒரு மரப்பெட்டியுமாக வாசலில் வந்து நின்றாள். அப்பா ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு, “எனக்கு அங்க ஒத்துக்கல அண்ணே” என்றாள். அவ்வளவுதான். இன்று வரைக்கும் அதற்குமேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. தகரப் பெட்டியில் மூன்று புடவை இருந்தது. மரப்பெட்டி நிறைய பெயிண்ட் ட்யூப்.

ஊரில் அவளை ‘சிஸ்டரு’ என்றே கூப்பிட்டார்கள், அதில் பாதி கிண்டல். என் அம்மா முழுக் கிண்டலாக ‘சிஸ்டரம்மா’ என்பாள்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, எங்கள் பங்குப் பேரவைத் தலைவர் ஒரு சம்பந்தத்தோடு வந்துவிட்டார். பங்குப் பேரவை என்பது கோவில் கமிட்டி மாதிரி. மாப்பிள்ளை தண்டலத்துக்காரர், மனைவி செத்துப் போனவர், இரண்டு பிள்ளைகள். கெட்ட மனிதர் இல்லை. தலைவரும் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை, தங்கைக்கு ஒரு வழி பிறந்ததே என்று. இப்போது யோசித்தால் அப்பாவைக் குறை சொல்லத் தோன்றவில்லை. ஒரு பொம்பளைக்கு நல்லது செய்வது என்றால் அவருக்குத் தெரிந்த நல்லது அது ஒன்றுதான்.

“கல்யாணம் வேணான்னுதான் அண்ணே மடத்துக்கே போனேன்” என்றாள் அத்தை.

“மடமும் வேணாம், கல்யாணமும் வேணாம். இன்னாதாம்மா வேணும் உனக்கு?”

“ஒரு வேலை வேணும். இந்த வூட்லயே இருக்கணும்.”

அம்மா அடுப்பங்கரையில் பாத்திரத்தை டங்கென்று வைத்தாள். அத்தை இருப்பது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று நான் அப்போதே முடிவு கட்டிவிட்டேன். பத்து வயதில் நான் இப்போதைவிடக் கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

எங்கள் பங்குச் சாமியார், ஃபாதர் என்று கூப்பிடுவோம், சின்ன வயசுக்காரர். கோவில் பள்ளிக்கூடத்தில் ஜூன் மாதம் டிராயிங் டீச்சர் இடம் காலியாகிறது என்று அவர்தான் அத்தையிடம் சொன்னார். ஆனால் மடத்தை விட்டு வந்தவளை டீச்சராகப் போட்டால் ஊர் பேசும், பேரவையும் ஒத்துக்கொள்ளாது. அதற்கு அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார்.

“ஈஸ்டருக்குக் கோவிலுக்கு ஒரு படம் போட்டுக் குடுங்க. உயிர்த்த ஆண்டவர். படத்த ஜனங்க ஏத்துக்கிட்டா உங்களயும் ஏத்துப்பாங்க.”

அப்பாவும் சரி என்றார். “ஈஸ்டர் வரிக்கும் தண்டலத்துக்காரர்கிட்ட டைம் கேக்கறேன். படம் நல்லா வந்து வேலையும் கெடச்சா சரி. இல்லன்னா நான் சொல்றத நீ கேக்கணும்.”

அத்தை தலையாட்டினாள். அப்புறம்தான் ஃபாதரிடம் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

“எனக்கு மொகம் வராது ஃபாதர்.”

மடத்தில் படம் வரைவதில் இவளுக்கு மேலே ஒரு பெரிய சிஸ்டர் இருந்திருக்கிறார். முகமும் கையும் அவர் வரைவார். அங்கி, முக்காடு, போர்வை எல்லாம் அத்தை. எட்டு வருடமாக எந்தப் புனிதர் வந்தாலும் இவளுக்குத் துணிதான். “கழுத்துக்குக் கீழதான் எனக்குத் தெரியும்” என்றாள். ஃபாதர் சிரித்துவிட்டார். அத்தை சிரிக்கவில்லை. ஆண்டவரே இல்லாத ஈஸ்டர் படம் ஒன்று போடட்டுமா என்று கேட்டாள்.

அதையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆண்டவரைப் புதைத்த மூன்றாம் நாள் காலையில் கல்லறைக்கு ஓடிப் போனவர்கள் அங்கே ஆளைப் பார்க்கவில்லை. சுற்றியிருந்த துணி கிடந்தது. முகத்தில் கட்டியிருந்த துணி மட்டும் தனியாக மடித்து வைத்திருந்தது. ஈஸ்டரன்று கோவிலில் வருடாவருடம் வாசிப்பார்கள், நாங்களும் வருடாவருடம் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் கறி சாப்பிடுவோம். அந்த இடத்தை வரைகிறேன் என்றாள் அத்தை. கல், துணி, காலை வெளிச்சம், வேறு ஒன்றும் இல்லை. ஃபாதர் தாடையைத் தடவிக்கொண்டே, “போடுங்க. தலைவர்கிட்ட இப்ப சொல்ல வேணாம்” என்றார்.

வீட்டுக்குப் பின்பக்கம் ஷீட் கூரை போட்ட சாய்ப்பு ஒன்று இருந்தது, அதற்கடியில்தான் துவைக்கிற கல். அத்தை அந்தக் கல்லைக் கல்லறையாக்கிவிட்டாள். அம்மா எடுத்துக் கொடுத்த புது வேட்டியைத் தொட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“இது கட்டையா நிக்கும் அண்ணி. ஒடம்புல கெடந்த துணிதான் சொன்ன பேச்சு கேக்கும்.”

அப்பா கட்டிக் கட்டித் தொய்ந்துபோன வேட்டி ஒன்றை எடுத்துக் கல்மேல் விட்டாள். ஒரு முனை கீழே வழிந்தது. அதன் ஓரத்தில் அம்மா ஒட்டுப் போட்டுத் தைத்த கிழிசல் ஒன்று இருந்தது, அத்தை அதை வேண்டுமென்றே மேலே தெரிகிற மாதிரி விட்டாள். துண்டை ஒரு பக்கம் வைத்தாள். அன்றிலிருந்து ஒருவரும் அந்தக் கல் பக்கம் போகக் கூடாது, மூச்சுகூட விடக் கூடாது. கதவு உயரத்துக்குச் சட்டம் அடித்து, காடாத்துணியை இழுத்துக் கட்டி, பசை பூசிக் காயவைத்து, சாம்பல் புதன் அன்று வரைய உட்கார்ந்தாள்.

அந்தப் புதனிலிருந்து ஈஸ்டர் வரை நாற்பது நாளும் எங்களுக்குத் தவக்காலம். கறி இல்லை, கல்யாணம் இல்லை. கோவிலில் சுரூபங்களை, அதாவது சிலைகளை எல்லாம் ஊதாத் துணி போட்டு மூடிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அதோடு துவைக்கிற கல்லும் இல்லை. அம்மா துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள்.

“நாப்பது நாளு ஆண்டவரு வனாந்தரத்துல கஷ்டப்பட்டாரு. நான் கொழாயடியில கஷ்டப்படறேன்” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டு போவாள். திரும்பி வந்ததும், “இன்னா சிஸ்டரம்மா, எங்கூட்டுக்காரரு வேட்டி இன்னிக்காவது காஞ்சிதா?” என்பாள். ஆனால் சாப்பாட்டு நேரத்துக்கு அத்தையின் தட்டு சாய்ப்புக்கே போய்விடும். ரசத்தை டம்ளரில் தனியாகக் கொடுப்பாள், குழம்பு துணிமேல் சிந்திவிடக் கூடாதாம். அப்போது இதெல்லாம் என் கண்ணில் பட்டது, புத்தியில் படவில்லை.

அந்தச் சாய்ப்பின் வாசனை இப்போதும் எனக்கு வரும். ஆளிவிதை எண்ணெய், டர்பன்டைன், அதோடு அம்மா வடகத்துக்குக் காயவைத்த வெங்காயம். பழைய டால்டா டப்பாவில் பிரஷ்கள் ஊறிக்கொண்டிருக்கும். அந்த டப்பாவும் போய்விட்டது, சாய்ப்பும் போய்விட்டது. இப்போது அந்த இடத்தில் வாஷிங் மெஷின் ஓடுகிறது.

அத்தை வரைவதைப் பார்க்க எனக்குக் கோபம்தான் வரும். வெள்ளை வேட்டியை வரைய உட்கார்ந்தவள் பழுப்பை எடுக்கிறாள், சாம்பலை எடுக்கிறாள், மஞ்சளை எடுக்கிறாள். வெள்ளையை எடுத்தாலும் அதில் ஒரு துளி அழுக்கைக் கலந்துதான் வைக்கிறாள். படம் பூராவும் அழுக்கு. வேட்டியைப் போய்ப் பார்த்தேன். லாரிப் புழுதி அதன் மடிப்பெல்லாம் ஏறிச் செம்மண் நிறத்தில் கிடந்தது. எனக்கு விளங்கிவிட்டது. துணி அழுக்காக இருப்பதால்தான் படமும் அழுக்காக வருகிறது! ஆண்டவரின் துணியை அழுக்காக வரைந்தால் ஊர் ஒத்துக்கொள்ளுமா? வேலை கொடுப்பார்களா? இந்தச் சின்ன விஷயம் பெரியவர்கள் யாருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு ஒரே வருத்தம்.

அந்த வருடம் எனக்குப் புதுநன்மை. பிள்ளைகள் முதன்முதலில் பூசையில் நற்கருணை அப்பம் வாங்குகிற நாள். வெள்ளை கவுன், தலையில் நெட், கையில் மெழுகுவத்தி, ஏறக்குறையக் கல்யாணம்தான். அதற்காக ஞாயிறு தவறாமல் ஞானோபதேசம் என்கிற வேத வகுப்பு நடக்கும். ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு, குருத்தோலை ஞாயிறு அன்று வகுப்பெடுத்த டீச்சரம்மா எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். ஈஸ்டருக்குள் ஆளுக்கு ஒரு நல்ல காரியம் செய்ய வேண்டும். யாருக்கும் தெரியாமல் செய்ய வேண்டும். தெரிந்துவிட்டால் அது கணக்கில் வராது.

மறுநாள் திங்கட்கிழமை, எனக்குப் பள்ளி இல்லை. அத்தை முதல் பஸ்ஸுக்கே மெட்ராஸ் போய்விட்டாள். வெள்ளை பெயிண்ட் தீர்ந்துவிட்டது, துணி வரைகிறவளுக்கு மற்ற நிறத்தைவிட வெள்ளைதான் மளமளவென்று தீரும். அப்பா உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அம்மா தெருக்குழாயில். படத்தில் வேட்டியின் மேல்பாதி முடிந்திருந்தது. கீழே வழிகிற பாதியும் துண்டும் பாக்கி.

நான் வேட்டியை எடுத்தேன். துண்டை எடுத்தேன். வாளியில் முக்கி, சோப்புப் போட்டு, அந்தக் கல்லிலேயே அடித்துத் துவைத்தேன். நல்ல காரியம் அரைகுறையாக இருக்கக் கூடாது என்று நீலமும் போட்டேன், பாட்டிலைக் கவிழ்த்து. சாய்ப்புக்கு வெளியே கொடியில் பிழிந்து உதறிப் போட்டபோது எனக்கு வந்த பெருமை இருக்கிறதே, போன வருடம் கம்பெனியில் பெஸ்ட் ஒர்க்கர் கொடுத்தபோதுகூட அவ்வளவு வரவில்லை.

அம்மா ஈரத்துணியோடு வந்து கொடியைப் பார்த்தாள். வெறும் கல்லைப் பார்த்தாள். என் கையைப் பிடித்துப் பார்த்தாள், விரலெல்லாம் நீலம்.

“அடிப்பாவி! இன்னாடி பண்ணிட்ட?”

“அழுக்கா இருந்துதும்மா. ஆண்டவருக்கு...”

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அடி விழும் என்று நான் முதுகை வளைத்துக்கொண்டு நின்றேன், விழவில்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்து, மண்ணெண்ணெய் தொட்டு என் விரல் ஒவ்வொன்றையும் தேய்த்துத் தேய்த்து நீலத்தைப் போக்கினாள்.

“நல்லா கேட்டுக்க. நீ இத தொடல. நான்தான் தொவச்சேன். மூச்சு வுட்ட, தோல உரிச்சிடுவேன்.”

புனித வாரத்தில் அம்மா பொய் சொல்கிறாளே, நரகத்துக்குப் போகப் போகிறாளே என்றுதான் எனக்குப் பயம் வந்தது. என்ன காரியம் நடந்துவிட்டது என்பது அப்போதும் எனக்குப் புரியவில்லை.

சாயங்காலம் அத்தை வந்த பிறகுதான் புரிந்தது. பையைக்கூடக் கீழே வைக்காமல் கல்லுக்கு முன்னால் நின்றாள். வெறும் கல்லைத் தடவிப் பார்த்தாள்.

“அழுக்கா கெடந்துது. தொவச்சேன். இப்ப இன்னா ஆயிப்போச்சி?” என்றாள் அம்மா, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு.

அத்தை அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. “ஒரு மாசத்துக்கு மேல அந்த மடிப்ப பாத்துக்கினு கீறேன் அண்ணி! ஒரு நூலு நவுந்தாகூடத் தெரியும் எனக்கு. மறுபடி அது வருமா? நான் இந்த வூட்ல இருக்கறது புடிக்கலன்னா வாயத் தெறந்து சொல்லியிருக்கலாமே. ஏன் அண்ணி இப்டி பண்ணீங்க?”

வாய்க்கு வாய் பதில் சொல்கிற அம்மா, தெருவே பயப்படுகிற அம்மா, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நானும்தான் நின்றேன். துவைத்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கம்.

டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா சத்தம் கேட்டு வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுப் பெருமூச்சு விட்டார். “சரி, வுடு. நம்ம கையில இன்னா கீது. நாளிக்கே தண்டலத்துக்கு ஆள் அனுப்பி சரின்னு சொல்லிடறேன்.”

அம்மா வெடுக்கென்று திரும்பினாள். “ஈஸ்டர் வரிக்கும்னு சொன்னீங்க இல்ல? இன்னும் ஆறு நாளு கீது. அதுக்குள்ள இன்னா அவசரம்?”

அத்தை அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தார். அம்மா கொடியிலிருந்து வேட்டியையும் துண்டையும் எடுத்துக்கொண்டு சாய்ப்புக்குப் போனாள். அத்தை படத்துக்கு முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இன்னா வேணும் உனக்கு? ஆம்பள கழட்டிப் போட்டுட்டுப் போன துணி, அவ்ளோதானே? பதினோரு வருசமா தெனம் பாக்கறேன் நான்.”

அம்மா வேட்டியை ஒரு உதறு உதறிக் கல்மேல் விட்டாள். யோசிக்கவே இல்லை. அது பாட்டுக்கு விழுந்தது, ஒரு பக்கம் குவிந்து, ஒட்டுப் போட்ட ஓரம் மேலே தெரிய ஒரு பக்கம் வழிந்து. அப்புறம் துண்டை எடுத்தாள். தினமும் அப்பாவின் டூட்டிப் பையில் வைக்கிற மாதிரியே நீளவாக்கில் இரண்டாக மடித்து, குறுக்கே மூன்றாக மடித்து, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிக் கல்லின் ஓரத்தில் வைத்தாள். அந்தத் துண்டை அத்தை அதுவரை எப்படி எப்படியோ மடித்து வைத்து வரைந்து பார்த்து, மூன்று முறை சுரண்டி எடுத்திருந்தாள்.

வைத்த துண்டை அம்மா மறுபடி சரிபண்ணப் போனாள்.

“கைய எடுங்க அண்ணி!” என்று அத்தை எழுந்தே விட்டாள். “அப்டியே வுடுங்க. தொடாதீங்க.”

பிறகு கத்தியை எடுத்து, ஐந்து வாரமாக வரைந்த வேட்டியைப் படத்திலிருந்து சரசரவென்று சுரண்டிப் போட்டாள். அம்மா போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள்.

செவ்வாயிலிருந்து வெள்ளி வரை அத்தை எழுந்திருக்கவே இல்லை என்று சொல்லலாம். பெரிய வெள்ளி அன்றுகூட மூன்று மணிக்குக் கோவிலுக்குப் போய்விட்டு வந்து, கையைக் கழுவாமல் உட்கார்ந்தாள். அம்மா நான்கு பக்கமும் ஈரச்சாக்கைக் கட்டித் தொங்கவிட்டாள், புழுதி வராமல். சனிக்கிழமை மத்தியானம் அப்பாவும் இன்னும் மூன்று பேரும் படத்தை நிமிர்த்திப் பிடித்துக் கோவிலுக்குத் தூக்கிப் போனார்கள். பெயிண்ட் காயவே இல்லை. அம்மா முன்னால் போய் நடுரோட்டில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு பக்கமும் டிப்பர் லாரி வரிசையாக நின்றது. “ஏம்மா, யாரு அது, அமைச்சரா வராரு?” என்று ஒரு டிரைவர் கத்தினான். “எங்கூட்டு வேட்டி வருது, நில்லு!” என்று அம்மா பதிலுக்குக் கத்தினாள்.

ஈஸ்டர் காலைப் பூசை முடிந்ததும் ஜனம் மொத்தமும் படத்துக்கு முன்னால் கூடிவிட்டது. கிட்டே போகக் கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள். முதல் வரிசையில் நான். தலைவர்தான் ஆரம்பித்தார்.

“ஃபாதர், ஆண்டவர் எங்க?”

“உயிர்த்துப் போயிட்டாரு” என்றார் ஃபாதர்.

“வெளையாடாதீங்க ஃபாதர். ஜனங்க கும்புட வராங்க. இன்னாத்த கும்புடுவாங்க? தொவைக்கப் போட்ட துணிய மாட்டி வெச்சிருக்காங்க.”

பின்னாலிருந்து ஒரு அக்கா, “அய்யய்யோ, இது நம்ம செக்யூரிட்டி அண்ணன் வேட்டி! அந்த ஒட்டப் பாரு, அவங்க பொஞ்சாதி என் பக்கத்துல ஒக்காந்துதானே தெச்சாங்க” என்றாள். எல்லோரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா அதே வேட்டியைத்தான் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அம்மா ராத்திரியோடு ராத்திரியாக வெளுத்துக் கொடுத்திருந்தாள். கோவிலே சிரித்தது. அப்பா ஒட்டுப் போட்ட இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டார். அத்தையின் முகத்தில் ரத்தமே இல்லை. வேலை போய்விட்டது, தண்டலம்தான் என்று எனக்கே தெரிந்துவிட்டது.

அம்மா கயிற்றுக்கிட்டே வந்தாள்.

“ஏங்க, ஒண்ணு கேக்கறேன் சொல்லுங்க. பொணத்த எவனாவது திருடிக்கினு போனா துண்ட மடிச்சி வெச்சிட்டா போவான்? துணியோட இல்ல சுருட்டிக்கினு ஓடுவான்? அந்தத் துண்டப் பாருங்க. நம்ம வூட்டு ஆம்பளைங்க டூட்டிக்குக் கெளம்பறப்ப நாம மடிச்சிக் குடுக்கறோம் இல்ல, அந்த மடிப்பு. எழுந்து, மொகத்த தொடச்சி, துண்ட மடிச்சி வெச்சிட்டு, அவரு வேலையப் பாக்கப் போயிட்டாரு. இதுக்கு மேல உங்களுக்கு ஆண்டவரு எங்க தெரியணும்?”

சிரிப்பு நின்றுவிட்டது. ஒட்டுப் போட்டதைச் சொன்ன அந்த அக்காதான் முதலில் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முழங்கால் போட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கைந்து பேர். தலைவர் படத்தைப் பார்த்தார், முழங்காலில் இருந்தவர்களைப் பார்த்தார்.

“அதுவும் சரிதான்” என்றார். அதோடு நிறுத்தமாட்டாரே. “ஓரத்துல றெக்க வெச்ச சம்மனசு ஒண்ணாவது வரையலாம் இல்ல?”

“எனக்கு மொகம் வராதுங்க” என்றாள் அத்தை, அத்தனை பேருக்கு முன்னால்.

“டிராயிங் டீச்சருக்கு மொகம் வராதா?”

“பசங்களுக்கு மொதல்ல ஒரு பக்கெட்டும் துண்டும் ஒழுங்கா வரட்டும் தலைவரே” என்று ஃபாதர் சொன்னார். “ஜூன்ல வந்து சேருங்க டீச்சர்.”

ஊரில் அவளை யாரும் டீச்சர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அப்பா அடுத்த வாரம் தனியாகவே தண்டலம் போய் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். போய் என்ன சொன்னார் என்று தெரியாது, வரும்போது மாப்பிள்ளை வீட்டில் கொடுத்தார்கள் என்று ஒரு பை மாங்காயோடு வந்தார்.

கதை முடிந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள், எனக்கு முடியவில்லை.

மே மாதம் என் புதுநன்மைக்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தனம். செய்த தப்பைச் சாமியாரிடம் தனியாகச் சொல்லி மன்னிப்புக் கேட்பது. நான் ஃபாதரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். துவைத்தது நான், திட்டு வாங்கினது அம்மா, நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவர் ரொம்ப நேரம் இருமிக்கொண்டே இருந்தார், சிரிப்பை அடக்கத்தான் என்று இப்போது தெரிகிறது. “அத்தைகிட்ட போயி நீயே சொல்லும்மா” என்றார்.

அத்தை கல்லில் உட்கார்ந்து பிரஷ் கழுவிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் நின்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

“தெரியும்” என்றாள்.

“எப்டித் தெரியும்?”

“உங்கம்மா நீலம் போட்டா துணி வெள்ளையா வரும். அன்னிக்குக் கொடியில திட்டுத் திட்டா தொங்கிச்சி. பாத்தவொடனே தெரிஞ்சிபோச்சி.”

எனக்கு அழுகை முட்டியது. “அப்ப ஏன் அம்மாவ அந்தத் திட்டு திட்டன?”

“திட்டு வாங்கிக்கணும்னே வந்து நின்னாங்களே. நான் இன்னாடி பண்றது?” பிரஷை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே பேசினாள். “நீதான் தொவச்சன்னு தெரிஞ்சா எனக்கு உன் மேல கசப்பு வந்துடும், கொழந்த மேல கசப்பு வந்தா நான் இந்த வூட்ல இருக்க மாட்டேன்னு பயந்துட்டாங்க. அதான் என்ன வேணா சொல்லிக்கன்னு தலைய நீட்டிக்கினு நின்னாங்க. என்ன வெளிய போவ வுடக் கூடாதுன்னு ஒருத்தங்க பொய் சொன்னது என் வாழ்க்கையில அதான் மொத வாட்டி. படம் வந்தாலும் வராட்டியும், வேல குடுத்தாலும் குடுக்காட்டியும், இந்த வூட்ட வுட்டுப் போறதில்லன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.”

நான் விசும்பிக்கொண்டு நின்றேன். அத்தை பிரஷை உதறி டப்பாவில் போட்டாள்.

“அழுதது போதும், மூஞ்சக் கழுவு. பசிக்குது. அண்ணி சோறு வடிச்சிட்டாங்களான்னு பாத்துட்டு வா.”